சாம்பல் முகமூடி சுடவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் சுட்டுவிட்டானடி.

நம்ம சாம்பல் முகமூடிதான். கடைசிக் காட்சி, அந்த மாடி அறை, வில்லன் முழங்காலில் விழுந்து கெஞ்சிக்கொண்டிருக்கிறான், டமாரென்று ஒரு வெடி. கையிலிருந்த காபி புடவையெல்லாம் கொட்டிவிட்டது. "ஐயோ, என்ன பண்றான் இவன்!" என்று நான் போட்ட சத்தத்தில் என் பெண் பயந்துபோய் டிவியை நிறுத்தினாள். "என்னம்மா ஆச்சு உனக்கு? பழிவாங்கற படம் இது. சுடாம பின்ன, வெத்தல பாக்கு வெச்சு அழைப்பானா?" என்றாள். அவளுக்கு என்னவென்று சொல்வது? இத்தனை வருஷமாக என் மனசில் அவன் சுட்டதே இல்லை. சுடாமல் திரும்பிப் போனான். அதனால்தான் அது என் படம். கல்யாணம், சீமந்தம், அலுவலக மத்தியானச் சாப்பாடு என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் அந்தக் கதையைச் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன்.

நீ இருந்திருந்தால் அந்த நிமிஷமே போன் போட்டு உன்னைக் கிழிகிழியென்று கிழித்திருப்பேன். நீ போய்ச் சேர்ந்தாயிற்று. எந்த எண்ணுக்குப் போடுவது? அதனால்தான் எழுதுகிறேன். வரிசையாகவே சொல்லிவிடுகிறேன், நடுவில் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்.

சாந்தோம் பள்ளிக்கூடத்தில் நமக்கு ஒரே பெஞ்சு. தயிர்சாதத்தைத் திறந்த முதல் நாளே எனக்கு 'மாமி' என்று பெயர் வைத்துவிட்டாய். பாவாடை கட்டிய மாமி! எவ்வளவு சண்டை போட்டும் கடைசிவரை நீ அதை மாற்றவில்லை. ராயப்பேட்டைச் சந்தில் உங்கள் அத்தாவின் பைண்டிங் கடை. ஜூன் மாதம் முழுக்கப் பாடப்புத்தகங்களுக்கு அட்டை போடும் வேலை, மற்ற மாதங்களில் வாடகைக்குக் காமிக்ஸ். பசை தடவிக்கொண்டே நீ அத்தனையையும் படித்து முடித்திருந்தாய். வாத்தியாரம்மா கேட்டால் ஒரு பாட்டு வராது உனக்கு. காமிக்ஸ் வசனம் என்றால் பக்கம் பக்கமாகக் கொட்டுவாய்.

அதில் உனக்கு உசத்தி சாம்பல் முகமூடி. உள்ளங்கை அகலத்தில், விரலில் மை ஒட்டும் அந்தப் புத்தகங்களை எத்தனை தடவை எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாய்! கடிகாரம் ரிப்பேர் செய்யும் ஒரு சாது மனுஷன். ஐந்து பேர் சேர்ந்து அவன் வீட்டைக் கொளுத்துகிறார்கள். மனைவி உள்ளே வெந்துபோகிறாள். அந்தச் சாம்பலையே முகத்தில் அப்பிக்கொண்டு கிளம்புகிறான். நாலு பேரை நாலு விதமாகக் கொல்கிறான். ஐந்தாவது ஆள்தான் தலைவன். கதை அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்போம் நாம் இரண்டு பேரும். யார் மீது அவ்வளவு கோபமோ அந்த வயசில், தெரியவில்லை.

காலேஜ் முடித்து நான் வானொலி நாடகத்துக்குப் போய், அங்கிருந்து தி. நகரில் ஒரு டப்பிங் தியேட்டருக்குக் குரல் கொடுக்கப் போனேன். என்னைக் கூப்பிட்டதே அலறலுக்குத்தான். எந்தப் படத்தில் எந்தப் பெண் பேயைப் பார்த்தாலும், பாம்பைப் பார்த்தாலும், மாடியிலிருந்து விழுந்தாலும், கத்துவது நான். வெளிநாட்டுப் படங்கள் வரிசையாகத் தமிழ் பேசத் தொடங்கியிருந்த சமயம். ஒரு நாள் மேனேஜர் பரபரப்பாக வந்து, "சாம்பல் முகமூடியைப் படமா எடுத்துட்டாங்க, தமிழ் உரிமை நமக்குத்தான், பழைய காமிக்ஸ் யார்கிட்டயாவது இருக்குமா?" என்று கேட்டார். நான் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தினேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "புக்கு எல்லாம் கரையான் துன்னுடுச்சு சார். கதை மொத்தமும் என் மண்டைல கீது. நானே எழுதித் தரேன்." அப்படித்தான் நீ வசனகர்த்தா ஆனாய்.

ஆனால் வேலையைப் பார்க்க வேண்டுமே! பேசுவது அத்தனையும் தெருத் தமிழ், எழுதினால் தமிழ் வாத்தியார் தோற்றுப்போவார். திரையில் ஓடும் முகத்தில் மூக்குக்கு மேலே கையால் மறைத்துக்கொண்டு வெறும் வாயை மட்டும் பார்ப்பாய். அவன் உதடு ஒட்டும் இடத்தில் தமிழிலும் உதடு ஒட்ட வேண்டும், மகரமோ பகரமோ அங்கே வந்து விழ வேண்டும். ஒரு வார்த்தைக்காக டீ ஆறி ஆடை படியும்வரை முனகிக்கொண்டிருப்பாய். அதே சமயம் ஒருத்தன் கேமராவுக்கு முதுகைக் காட்டினால் போதும், துள்ளிக் குதிப்பாய். "மாமி, வாய் தெரியல! முதுகு காட்னா நம்ம ராஜ்ஜியம்!" என்பாய். முதுகு காட்டுகிறவன் வாயில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். எத்தனையோ படங்களில் மூலத்தில் சும்மா நின்றவர்களெல்லாம் உன் புண்ணியத்தில் தமிழில் தத்துவம் பேசினார்கள்.

அந்தப் படம் டப்பிங்குக்கு வந்த அதே சமயத்தில்தான் என் கல்யாணம் நின்றது.

உனக்குத் தெரியாததா? இருந்தாலும் சொல்கிறேன், சொன்னால்தான் ஆறும். நிச்சயதார்த்தம் முடிந்து, பிள்ளையாத்தில் எடுத்துக்கொடுத்த அரக்குப் பட்டுப் புடவையை நான் கட்டிக்கொண்டு, தாம்பூலத் தட்டு மாற்றி, எல்லாம் ஆயிற்று. பெசன்ட் நகர் கடற்கரையில் மாப்பிள்ளை என்னோடு நடந்தான். "உன் குரல் கேட்டுண்டே இருக்கலாம் போல இருக்கு" என்று அவன் வாயாலேயே சொன்னான். அப்புறம் அவனுடைய அத்தை கேபிள் டிவியில் ஏதோ ஒரு படம் பார்த்திருக்கிறாள். அதில் கத்தினது நான்தான் என்று எவரோ வத்தி வைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு நாள் நெருங்கின வேளையில் தரகர் மாமா வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே சொன்னார்: "குரல் விக்கற பொண்ணு நமக்குச் சரிப்படாதுன்னு அபிப்பிராயப்படறா." அப்பா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் அவனுக்குப் போன் செய்தேன். அவன் எடுக்கவே இல்லை. அவன் அம்மா எடுத்து, ஊரில் இல்லை என்றாள். பின்னால் அவன் இருமுகிற சத்தம் கேட்டது. குரலில் பிழைக்கிறவளுக்கு இருமல் யாருடையது என்று தெரியாதா?

கொஞ்ச நாளிலேயே அவனுக்கு வேறு பெண் பார்த்து, அதே மயிலாப்பூரில் கல்யாண மண்டபமும் பிடித்துவிட்டார்கள். எனக்குள் என்னவோ எரிய ஆரம்பித்தது. திட்டம் போட்டேன். வரவேற்பு அன்று, அவாள் கொடுத்த அதே அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு போவேன். அந்தப் புடவையை அவர்கள் திருப்பிக் கேட்கவுமில்லை, நான் கொடுக்கவுமில்லை. மெல்லிசைக் குழு பாடும் மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்குவேன். குரல் விற்கிற பெண் எப்படிப் பேசுவாள் என்று ஊருக்கே காட்டுவேன். பட்டணத்துச் சொந்தம் அத்தனையும் உட்கார்ந்திருக்கும், அவன் ஜன்மத்துக்கும் தலை நிமிரக் கூடாது. அதற்கு வசனம் வேண்டாமா? கையில் வசனகர்த்தாவை வைத்துக்கொண்டு நானே எதற்கு எழுதுவது? "நீதான் எழுதித் தரணும், கேட்டவன் துடிதுடிக்கணும்" என்று உன்னிடம் சொன்னேன்.

நீ மறுக்கவில்லை. புத்தி சொல்லவில்லை. "எழுதிக்கினு கீறேன் மாமி" என்றாய். மறுநாள் கேட்டால், "மொதல்ல இந்தப் படம் முடியட்டும், ரெண்டுக்கும் ஒரே மூடு" என்றாய். டீ இடைவேளை தோறும் உன்னை அரித்தெடுத்தேன். நீ பிஸ்கெட்டை நனைத்துக்கொண்டே, "வந்துக்கினே கீது" என்பாய்.

அந்தப் படத்தில் எனக்குக் கிடைத்தது வெந்துபோகும் மனைவி. நாலு வரி வசனம், ஓர் அலறல். அந்த அலறலுக்கு நான் நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. தரகர் மாமாவின் செருப்பை நினைத்துக்கொண்டேன், வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எஃபெக்ட்ஸ் அண்ணன் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தடவிக்கொண்டார். காலடிச் சத்தம், கதவுச் சத்தம், கத்தி உருவும் சத்தம் எல்லாம் செய்பவர் அவர். என் பாகம் முதல் ரீலிலேயே முடிந்துவிட்டது. நமக்கு நம் வாய் அசைகிற துண்டு மட்டும்தானே காட்டுவார்கள், மீதிப் படத்தை நான் பார்க்கவில்லை.

படம் வெள்ளிக்கிழமை வெளியானது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனுடைய வரவேற்பு. வெள்ளிக்கிழமை மத்தியானக் காட்சிக்கு நீயே என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். முன்பக்கத்தில் விசில் பிளந்தது. என் அலறல் வந்ததும் நீ விலாவில் இடித்தாய். ஒருத்தன் செத்தான், கைதட்டினேன். இரண்டாமவன் செத்தபோது நாற்காலியின் முன்விளிம்புக்கு வந்துவிட்டேன். நாலாவது ஆளுக்கு, நம்புவாயோ மாட்டாயோ, நானே விசிலடிக்கப் பார்த்து வெறும் காற்றுதான் வந்தது. பிறகு அந்த மாடி அறை. தலைவன் கெஞ்சுகிறான். சாம்பல் முகமூடி நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். அந்த நீளக் கோட்டு வில்லனையே மறைத்துவிடுகிறது. தியேட்டர் மூச்சைப் பிடித்திருக்கிறது. அவன் சொல்கிறான்: "போ. எனக்கு வேறு வேலை இருக்கிறது."

அவ்வளவுதான். தோள் ஒரு தடவை லேசாகக் குலுங்கியது. அடுத்த காட்சியில் மழையில் தெருவோடு நடந்து போகிறான், வெறும் காலடிச் சத்தம்.

"டேய், சுடுடா!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். எனக்கும் அதே ஆத்திரம். வெளியே ஜூஸ் கடையில் உன்னோடு ஒரு மூச்சு சண்டை போட்டேன். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தான்? கோழை! காமிக்ஸ்ல கொன்னானேடி!" என்றேன். நீ சாத்துக்குடி விதையைத் துப்பிவிட்டு, "சரி, சுட்டுட்டான்னே வெச்சுக்க. அப்பால இன்னா பண்ணுவான்? வூட்டுக்குப் போயி சோறு துன்னுவானா? வூடுதான் எரிஞ்சு பூடுச்சே" என்றாய். "என் டயலாக் எங்கே?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம தரேன்" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை நான் அரக்குப் பட்டில் கிளம்பியபோது அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள், யாரும் பார்க்கவில்லை. குளக்கரைப் பஸ் நிறுத்தத்தில் நீ தலை நிறையக் கதம்பம் வைத்துக்கொண்டு நின்றாய். வசனத்தைக் கேட்டேன். "மறந்து பூட்டேன். நீயே இன்னா தோணுதோ பேசு, நான் பக்கத்துல கீறேன்" என்றாய். நடுரோட்டில் உன்னை அறைந்திருப்பேன். அத்தனை கோபம். இருந்தும் நடந்தோம்.

மண்டப வாசலில் அவன் அம்மாதான் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, புடவையைப் பார்த்தாள். அவள் எடுத்த புடவையாயிற்றே. பார்த்தபடியே சொம்பைச் சாய்க்க, பன்னீர் என் கழுத்தெல்லாம் வழிந்தது. "வா... வாங்கோ" என்றாள். நீ குனிந்து ஒரு பிடி கற்கண்டை அள்ளிக்கொண்டாய்.

மேடை ஏறினோம். அவன் அளவு சரியில்லாத கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அந்தப் பெண், நகைப் பாரத்தில் களைத்துப்போய், யார் வந்தாலும் சிரித்துவிடுவது என்று முடிவெடுத்த முகம். "யாரு இவா?" என்று அவனைக் கேட்டாள். அவன் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பாட்டுக்காரர்கள் இடைவேளை விட்டு சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். எட்டினால் பிடிக்கும் தூரத்தில் மைக் சும்மா நின்றது. நீ என் முழங்கையைக்கூடத் தொடவில்லை.

எனக்கு அப்போது வேறெதுவும் தோன்றவில்லை, அந்தக் கோட்டு முதுகுதான் தோன்றியது. பேசி முடித்ததும் அப்பால என்ன பண்ணுவேன் என்று தோன்றியது. இந்தப் பெண் என்ன பண்ணுவாள் என்று தோன்றியது. அவன் ஒருவழியாக, "சாப்... சாப்ட்டுட்டுப் போங்கோ" என்றான். "இருக்கட்டும். எனக்கு வேற வேலை இருக்கு" என்றேன். எத்தனையோ பேருடைய வாய்க்குக் குரல் கொடுத்தவள், அன்று பேசினது என் சொந்தக் குரல். திரும்பி இறங்கினேன்.

கீழே வந்ததும் நீ சொன்னாய்: "மாமி, ரசம் வாசன மூக்கைத் தொளைக்குது. வேலை ஓடியா பூடும்? சாப்ட்டே போலாம்." உட்கார்ந்துவிட்டோம்! பாதாம் அல்வாவை நீ மறுபடி மறுபடி கேட்க, பரிமாறினவர் சந்தேகப்பட்டு, "நீங்க பொண்ணாத்துப் பக்கமா, பிள்ளையாத்துப் பக்கமா?" என்றார். "நாங்க சினிமா பக்கம்" என்றாய். மோர்சாதம் மூக்கில் ஏறச் சிரித்தேன். கல்யாணம் நின்ற நாளிலிருந்து நான் சிரித்தது அன்றுதான். அந்தப் பட்டை அதற்கப்புறம் எத்தனையோ விசேஷங்களுக்குக் கட்டினேன். நல்ல பட்டு, அதன் மேல் என்ன கோபம்?

பிறகு எல்லாம் நன்றாகவே அமைந்தது, கண் படக் கூடாது. என் குரலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காத மனுஷன் கிடைத்தான். சினிமாவில் நான் கத்தினால் பக்கத்துச் சீட்டுக்காரரிடம், "எங்காத்துக்காரி" என்று சொல்லிக்கொள்கிற ரகம். பெண் பிறந்தாள். பகலில் ஓர் அலுவலக வேலையும் கிடைத்தது. மாமியார் குத்திப் பேசினாலும், மேலதிகாரி மட்டம் தட்டினாலும், 'எனக்கு வேற வேலை இருக்கு' என்று நகர்ந்துவிடுவது என் வழக்கமாயிற்று. நிஜமாகவே வேறு வேலை இருந்தது. அந்தப் படத்துக்கு நான் கோவில் கட்டாததுதான் பாக்கி. ஒரு தடவை பாண்டி பஜார் நடைபாதையில் அதன் சிடியைப் பார்த்து நான் கையில் எடுக்க, நீ வெடுக்கென்று பிடுங்கி வைத்துவிட்டாய். "பிரிண்ட்டு மோசமா கீதாம், கண்ணு வலிக்கும்" என்றாய். இங்கிலீஷில் டிவியில் போட்டபோது, "வா, மாமி, மீன் மார்க்கெட்டுக்குத் துணைக்கு" என்று இழுத்துக்கொண்டு போனாய். மீன் மார்க்கெட்டுக்கு! என்னை! அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லையே.

அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக அதை மூல மொழியில் பார்த்தேன். வெடி வெடித்தது. பெண்ணிடம் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. சுடுகிறான், துப்பாக்கி உதைத்துத் தோள் குலுங்குகிறது. அன்றைக்குத் தியேட்டரில் நான் அதை அழுகை என்று நினைத்தேனடி. மனைவியை நினைத்து அழுகிறான் என்று நினைத்து, ஜூஸ் கடைக்கு வருவதற்கு முன்னால் உனக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பெண்ணுக்குப் படம் பிடிக்கவில்லை. "இந்தப் பொண்ணு செத்தாத்தான் கதையே ஆரம்பிக்கறது. அவளுக்கு ஒரு பேர்கூட வெக்கலை, பாத்தியா?" என்றாள். "அவள்தான்டி நான்" என்றேன். ஆனால் அவள் சொல்வது நியாயம். எனக்கும் பிடிக்கவில்லை. ஒவ்வொருத்தனைக் கொன்றதும் அவன் ஒரு கிண்டல் அடிக்கிறான், கேமரா அவன் தாடையையே சுற்றிச் சுற்றி வருகிறது. செத்தவளைப் பற்றி ஒருத்தருக்கும் கவலையில்லை. நாலாவது கொலையில் எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. அதற்காக அன்று கைதட்டின அந்தப் பெண்ணை, அந்த வயசு என்னை, நான் கேலி செய்ய மாட்டேன். அவளுக்கு அது தேவைப்பட்டது. அவளுக்காக யாரும் ஒரு நாற்காலியைக்கூட உதைத்திருக்கவில்லை, திரையில் ஒருத்தன் ஊரையே உதைத்தான். ஆனால் அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தது அந்த நாலு கொலையை இல்லை.

வெடி எங்கே போயிற்று என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விசாரித்து எஃபெக்ட்ஸ் அண்ணன் எண்ணைப் பிடித்தேன். ஈக்காட்டுத்தாங்கலில் மகனோடு இருக்கிறார், மகனுக்கு லேத் பட்டறை. பின்னால் இரும்பு அறுக்கும் இரைச்சல். "அலறல் அம்மாவா? நல்லா கீறீங்களா?" என்று உடனே கண்டுபிடித்துவிட்டார். கேட்டேன்.

"அதுவா! அந்த ரீலுக்குப் பம்பாய்லேந்து வந்த சவுண்டு டேப்பு பூஞ்சை புடிச்சுக் கெடந்துச்சும்மா. மழை, காலடி எல்லாம் நானே பண்ணேன். துப்பாக்கிக்கு ரெக்சின் குஷன் மேல மரஸ்கேலால வெச்சேன் ஒண்ணு, அப்படியே பீரங்கி மாரி வந்துச்சு. அந்தப் பொண்ணு உள்ள ஓடியாந்து, 'அண்ணே, வெடிய எடுத்துடு'ன்னுச்சு. எனக்கு வயித்தெரிச்சல். இன்னாம்மா, படமே அதுக்குத்தானே, மேனேஜர் கொன்னுடுவாருன்னேன். அவரு எங்க பாக்கப் போறாரு, டைட்டில் பளிச்சுன்னு வந்தா போதும் அவருக்குன்னுச்சு. அப்படித்தான் ஆச்சு."

"எதுக்குன்னு கேக்கலையா அண்ணே?"

"கேக்காமயா? 'ஊரே பாக்கட்டும் அண்ணே, நான் ஒருத்திக்குத்தான் எழுதிக்கினு கீறேன்'னுச்சு. 'அவ எங்கிட்ட ஒரு டயலாக் கேட்டா, இதான் அது. இதுக்கு மேல நீ வெடி வெச்சா அவ காதுல வுழாது'ன்னுச்சு. யாருன்னு சொல்லல. ஏம்மா, அது நீங்களா?"

லேத் சத்தத்தில் அவருக்கு நான் அழுதது கேட்டிருக்காது என்று நினைக்கிறேன். கேட்டுத்தான் இருக்கும், அவர் காது அப்படி. "நல்ல பொண்ணும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

முதலில் கோபம்தான் வந்தது. யாரைக் கேட்டுச் செய்தாய்? மேடையிலிருந்து நானாக இறங்கினேன் என்று எவ்வளவு கர்வமாக இருந்தேன்! அப்புறம் யோசித்தால், நேரே சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? 'வேண்டாம் மாமி' என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால், அதற்காகவே மைக்கைப் பிடுங்கியிருப்பேன். என் முரட்டுக் குணம் உனக்குத் தெரியும். எனக்குச் சொன்னால் ஏறாது என்று மதுரைக்குச் சொன்னாய், சேலத்துக்குச் சொன்னாய், டூரிங் கொட்டகை மணலில் உட்கார்ந்திருந்தவனுக்கெல்லாம் சொன்னாய். அந்தக் கும்பலோடு கும்பலாக நானும் கேட்டுக்கொண்டேன். சாகிறவரை நீ இதைச் சொல்லிக் காட்டவும் இல்லை. எப்படியடி வாயை மூடிக்கொண்டிருந்தாய், நீயா?

மறுநாள் என் பெண், "உன் தமிழ்ப் படத்தையும் பாக்கணும்மா" என்று தேடினாள். எங்கேயும் இல்லை. அந்த டப்பிங் கம்பெனி மூடியாயிற்று, பிரதி என்ன ஆயிற்றென்று அண்ணனுக்கும் தெரியவில்லை. அதனால் கூடத்தில் உட்காரவைத்து, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நானே அவளுக்குப் படத்தைச் சொன்னேன். எல்லார் குரலும் நான்தான், மழையும் நான்தான். என் அலறலுக்கு எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார். அவரையும் உட்காரவைத்துவிட்டேன். முடிந்ததும் அவர், "இது எந்த தியேட்டர்ல ஓடறது?" என்று கேட்டார்.

நீ எடுத்த படம் இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. நான் வருவதற்கு இன்னும் நாளாகும், அவசரப்படுத்தாதே. இதை இன்னும் நாலு பேருக்காவது சொல்லிவிட்டுத்தான் வருவேன்.